எந்த வகை என்பதே முதல் கேள்வி

(மார்பகப் புற்றுநோயின் வகைகளும் மருத்துவமும் குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



நான் நோயியல் துறையைச் சேர்ந்தவள். நோயாளியின் முகத்தை எங்கள் துறையினர் பார்ப்பது அரிது. அவர் உடலிலிருந்து எடுத்த திசு எங்கள் மேசைக்கு வருகிறது. ஒரு தாளில் சில வரிகள் எழுதி அனுப்புகிறோம். இன்று நான் பேச வந்திருப்பது அந்தச் சில வரிகளைப் பற்றித்தான்.

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தவுடன் குடும்பத்தார் கேட்பது, “எந்த ஸ்டேஜ் டாக்டர்?” என்பது. தேவையான கேள்வி. கட்டியின் அளவும், அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியதா என்பதும் முக்கியம். ஆனால், “எந்த வகை?” என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. 2022ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; சுமார் 98,000 பேர் இறந்தனர். இந்த எண்ணுக்குள் ஒரு நோய் இல்லை, பல நோய்கள் இருக்கின்றன. அவை வளரும் வேகம் வேறு, திரும்பி வரும் காலம் வேறு, பணியும் மருந்து வேறு. வகையை அறியாமல் தொடங்கும் மருத்துவம் பாதி மருத்துவம் என்பதே என் கருத்து. அதை ஆறு பகுதிகளாக விரிக்கிறேன்.

1

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் உலகம் இந்த நோயை ஒரே நோயாகத்தான் நடத்தியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டட் 1894இல் தம் முறையை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குள் நெறிக்கட்டிகள் அனைத்தையும் ஒன்றாக அகற்றுவது அந்த முறை. புற்றுநோய் ஓரிடத்தில் தொடங்கிப் படிப்படியாக வெளியே பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அதன் அடிப்படை. கட்டிகள் மிகப் பெரிதாகி வந்த காலத்தில் அந்த அறுவை பலருக்கு உதவியது, உண்மை. ஆனால் வீங்கிய கையோடும் குழிந்த நெஞ்சோடும் வாழ்ந்த பெண்களின் எண்ணிக்கை பெரிது.

பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். 1976இல் தொடங்கிய அவருடைய ஆய்வில், சிலருக்கு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டது. சிலருக்குக் கட்டி மட்டும். சிலருக்குக் கட்டியை அகற்றிக் கதிர்வீச்சும் தரப்பட்டது. 1,851 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் வெளியிட்ட முடிவின்படி மூன்று குழுவினரும் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை. கட்டியை மட்டும் எடுத்தவர்களில், கதிர்வீச்சு பெறாதோருக்கு அதே மார்பில் நோய் திரும்புவது அதிகமாக இருந்தது, அவ்வளவே.

கத்தியின் அகலம் ஆயுளைத் தீர்மானிக்கவில்லை என்றால், வேறு எது தீர்மானித்தது? கட்டியின் இயல்பு. அறுவைக்கு வரும் முன்பே சில கட்டிகள் கண்ணுக்குத் தெரியாத விதைகளை உடலெங்கும் அனுப்பிவிடுகின்றன, சில அனுப்புவதில்லை.

2

இயல்பு வேறுபடும் என்ற தடயம் அதற்கு வெகு முன்பே கிடைத்திருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற மருத்துவர் இருந்தார். கன்று ஈன்ற பசுவின் சூலகத்தை நீக்கினால் பால் நீண்ட காலம் சுரக்கும் என்ற விவசாயிகளின் வழக்கத்தை அவர் அறிந்திருந்தார். சூலகத்துக்கும் மார்புக்கும் நரம்பு வழியல்லாத ஏதோ ஒரு தொடர்பு இருக்க வேண்டும் என்று எண்ணினார். ஹார்மோன் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. 1895இல், அறுவைக்கு அப்பாற்பட்ட நிலைக்குச் சென்றுவிட்ட 33 வயதுப் பெண் ஒருவருக்குச் சூலகங்களை அகற்றினார். சில மாதங்களில் மார்பிலிருந்த கட்டி கரைந்தது. அந்தப் பெண் சுமார் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார்.

மற்ற மருத்துவர்களும் செய்து பார்த்தார்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பலன் கிடைத்தது, இருவருக்கு இல்லை. ஏன் என்று அரை நூற்றாண்டு யாருக்கும் தெரியவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன் 1950களின் இறுதியில், கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி அது எங்கே தங்குகிறது என்று பார்த்தார். கருப்பை போன்ற சில திசுக்களில் மட்டும் தங்கியது. அந்தச் செல்களில் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று இருந்தது. அதைத்தான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்கிறோம். மார்பகக் கட்டிகளிலும் சிலவற்றில் ஏற்பி உண்டு, சிலவற்றில் இல்லை. பீட்சனின் மூவரில் ஒருவர் யார் என்பது விளங்கிவிட்டது.

மருந்து வேறொரு பாதையில் வந்தது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் 1962இல் உருவாக்கிய ஒரு சேர்மம் கருத்தடை மாத்திரையாகும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பெண்களிடம் அது நேர்மாறாகச் சூல்முட்டை வெளிப்படுவதைத் தூண்டியது. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1971இல் முடிவை வெளியிட்டார்கள். அதுவே டாமாக்சிஃபென். ஏற்பியில் தான் போய் அமர்ந்து ஈஸ்ட்ரோஜனுக்கு இடமில்லாமல் செய்கிறது. ஏற்பி உள்ள கட்டியில் ஐந்து ஆண்டுகள் இதை உட்கொண்டால், முதல் பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவருக்குப் பயனே இல்லை. அதே மாத்திரை, அதே அளவு. ஒருவருக்கு உயிர், மற்றவருக்கு வெறும் பக்கவிளைவு.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சூலகம் ஓய்ந்தாலும், கொழுப்புத் திசு முதலிய இடங்களில் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவை அந்த நொதியைத் தடுக்கின்றன. சூலகம் இயங்கும் இளம்பெண்ணுக்கு இவற்றை மட்டும் கொடுத்தால் போதாது. சூலகத்தையும் அடக்க வேண்டும். ஒரே வகைக்குள்ளும் வயது நுழைந்து மருந்தை மாற்றுகிறது, பாருங்கள்.

ஏற்பி உள்ள இந்த வகையின் இன்னொரு குணத்தை, நோயைக் கடந்து இங்கே வந்திருக்கும் சகோதரிகள் மனத்தில் வைக்க வேண்டும். இது மெதுவான நோய்; அதனாலேயே நீளமான நோய். ஐந்து ஆண்டுகள் மாத்திரை முடித்த பிறகும், ஐந்தாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை சீராக, சிறு அளவில், திரும்பிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் சிலருக்குப் பத்து ஆண்டுகள் வரை மாத்திரை. “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை?” என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிடுகிறவர்களைப் புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரியும் எவரும் அறிவர். மூட்டுவலியும் உடல் கொதிப்பும் தாங்காமல் நிறுத்துகிறார்கள். அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை; அந்த வலியைக் கேட்டு மருந்தை மாற்றித் தர வேண்டியது நம் கடமை.

எல்லோருக்கும் கீமோவும் தேவையில்லை. அக்குளுக்குப் பரவாத, ஏற்பி உள்ள கட்டிகளில் 21 மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து மதிப்பெண் தரும் சோதனை ஒன்று உண்டு. நடுத்தர மதிப்பெண் பெற்ற 6,711 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஹார்மோன் மருத்துவம் மட்டும் பெற்றவர்கள், கீமோவும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு ஈடாகவே இருந்தார்கள். ஐம்பது வயதும் அதற்குக் குறைவுமானோரில் சிலருக்கு மட்டும் கீமோவால் ஓரளவு கூடுதல் பயன் தெரிந்தது. அந்தச் சோதனையின் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது என்பதையும் சொல்ல வேண்டும்.

3

அடுத்த வகைக்குப் பெயர் ஹெர்-2. பதினேழாம் குரோமோசோமில் உள்ள இந்தப் பெயர் கொண்ட மரபணு ஒரு செல்லில் இரண்டு படிகளாகத்தான் இருக்க வேண்டும். சில கட்டிகளில் அது பல மடங்காகப் பெருகி, செல்லின் மேற்பரப்பு முழுவதும் ‘வளர், பிரி’ என்று உத்தரவிடும் புரதத்தால் நிறைந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் டென்னிஸ் ஸ்லேமன் 1987இல் 189 கட்டிகளை ஆராய்ந்து, இந்தப் பெருக்கம் உள்ளவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது, ஆயுள் குறைகிறது என்று காட்டினார். இன்றைய கணக்கில் நூற்றில் பதினைந்து முதல் இருபது கட்டிகள் இப்படிப்பட்டவை.

தொண்ணூறுகள் வரை இது நோயியலாளர் எழுத அஞ்சும் வரி. 1998இல் டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹெர்-2 புரதத்தைத் தேடிப்போய்ப் பற்றும் எதிர்ப்புரதம் அது. முதலில் முற்றிய நோய்க்கு மட்டும் தந்தார்கள். தொடக்க நிலையிலேயே தந்து பார்த்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2005இல் வந்தபோது, நோய் திரும்புவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. மிக மோசமான வகைகளில் ஒன்று, நன்றாகக் கட்டுப்படுத்தக்கூடிய வகைகளில் ஒன்றாக மாறியது. இதயத்தின் வலு குறையக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ பார்க்க வேண்டும்.

விலைதான் பெருந்தடை. பெங்களூருவின் பயோகான் நிறுவனம் 2014 தொடக்கத்தில் இதன் நிகர் மருந்தை விலை குறைத்து இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் டிராஸ்டுசுமாபைச் சேர்த்தது. ஓர் ஆண்டு தரவேண்டிய மருந்தை ஆறு மாதம் தந்தால் போதுமா என்று பிரிட்டனில் 4,088 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது: நான்கு ஆண்டு முடிவில் நோயின்றி இருந்தவர்கள் இரு குழுவிலும் ஏறத்தாழ சமம். பிரான்சில் நடந்த ஆய்வு அதே முடிவை நிறுவவில்லை. எனவே ஓராண்டே இன்றும் வழக்கம். ஆனால் ஓராண்டுக்கு வழியில்லை என்பதற்காக ஒரு பெண்ணுக்கு ஒரு ஊசிகூடப் போடாமல் அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

4

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை, புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் ஏற்பியும் இல்லை, ஹெர்-2 பெருக்கமும் இல்லை. இதை டிரிப்பிள் நெகட்டிவ் என்கிறோம். இல்லாதவற்றை வைத்து ஒரு நோயை அடையாளம் காண்பது போதாமையின் அடையாளம். இதற்குள்ளும் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பெரூவும் சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டு, 42 பேரின் கட்டித் திசுக்களில் ஆயிரக்கணக்கான மரபணுக்களின் செயல்பாட்டை ஒரே நேரத்தில் அளந்தபோது, ஏற்பி உள்ளவையும், டிரிப்பிள் நெகட்டிவில் பெரும்பாலானவை அடங்கும் ‘அடித்தளச் செல்’ வகையும் அடியோடு வேறு நோய்கள்போலப் பிரிந்து நின்றன.

மேலை நாடுகளில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து கட்டிகள் இவ்வகை. இந்திய ஆய்வுகளில் கால்பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வருகிறது. நம் பெண்களுக்கு இந்நோய் மேலை நாட்டாரைவிடச் சுமார் பத்து ஆண்டுகள் முன்னதாக வருவதும் இவ்வகை இளவயதில் அதிகம் என்பதும் இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

இது வேகமாக வளரும். திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பும். ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டால் அபாயம் வெகுவாகக் குறைகிறது. முதல் வகையின் குணத்துக்கு நேர் எதிர். டாமாக்சிஃபென் இங்கே செல்லாது. ஆனால் வேகமாகப் பிரியும் செல் கீமோவுக்கு நன்றாகப் பணியும். இத்தாலியின் மிலான் நகரில் போனடோனா 1976இல் வெளியிட்ட, மூன்று கீமோ மருந்துகளின் கூட்டில் ஒன்று மெதோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்ரகட சுப்பாராவின் ஆய்வுக்குழுவில் பிறந்த மருந்து அது என்பதை இங்குள்ள மாணவர்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

இன்று கீமோவை அறுவைக்கு முன்பே தருகிறோம். கட்டி முற்றும் கரைந்துவிட்டால் எதிர்காலம் நல்லது என்று தெரியும். எச்சம் இருந்தால் அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம். பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தபோது முற்றும் கரைந்தவர்கள் நூற்றுக்கு 51இலிருந்து 65 ஆனார்கள். அந்த மருந்தின் விலை இங்கே ஒரு வீட்டையே விற்கவைக்கும். ஆகவே மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்ததை நான் உயர்வாக மதிக்கிறேன். காப்புரிமைக் காலம் கடந்த, விலை குறைந்த கார்போபிளாட்டினை வழக்கமான கீமோவோடு சேர்த்து 720 பெண்களிடம் சோதித்து 2022இல் அறிவித்தார்கள். ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்களின் உயிர்வாழ்வு தெளிவாகக் கூடியிருந்தது.

இவ்வகையினரில் ஒரு பகுதியினருக்குப் பிராக்கா-1 மரபணுவில் பிறவிப் பழுது இருக்கும். மேரி-கிளேர் கிங் 1990இல் அதன் இருப்பிடத்தைப் பதினேழாம் குரோமோசோமில் காட்டினார். உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் வழிகளில் ஒன்று இவர்களின் கட்டியில் ஏற்கெனவே அடைபட்டிருக்கிறது. பார்ப் தடுப்பி மருந்து இன்னொரு வழியையும் அடைக்க, புற்றுச் செல் மடிகிறது. இந்தப் பழுது தந்தை வழியாகவும் மகளுக்கு வரலாம். குடும்ப வரலாறு கேட்கும்போது அத்தைமாரை விட்டுவிடாதீர்கள்.

5

இனி என் மேசைக்கு வருகிறேன். மேலே சொன்ன மருந்துகள் எல்லாம், மூன்று நான்கு மைக்ரான் தடிமனுள்ள திசுச் சீவலில் பழுப்பு நிறம் ஏறியதா இல்லையா என்பதில் நிற்கின்றன. நூற்றுக்கு ஒரு செல்லின் உட்கருவாவது நிறமேறினால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு என்று எழுதுகிறோம். ஹெர்-2 என்றால் 0, 1+, 2+, 3+. இதில் 3+ என்றால் பெருக்கம் உண்டு; 2+ என்றால் முடிவு இல்லை, ஃபிஷ் என்ற மரபணுச் சோதனை செய்தே தீர வேண்டும்.

அந்த நிறம் ஏறுவது சாயத்தை மட்டும் பொறுத்ததன்று. உடலை விட்டுப் பிரிந்த கணத்திலிருந்து திசு கெடத் தொடங்குகிறது. கரைக்கு வந்த மீனை உடனே ஐஸில் போடாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கே ஐஸின் இடத்தில் ஃபார்மலின். ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டும். அகற்றிய மார்பகத்தை அப்படியே முழுதாக அமிழ்த்தினால் நடுவிலுள்ள கட்டிக்குள் அது ஊறாது. அரிந்து போட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். உப்புநீரில் போட்டு, வெள்ளி மாலை எடுத்ததைத் திங்கள் காலை அனுப்பும் சிறு மருத்துவமனைகளின் பாட்டில்களை நான் பல முறை கையில் வாங்கியிருக்கிறேன். அந்தத் திசுவில் ஏற்பிப் புரதம் சிதைந்திருக்கும். சாயம் ஏறாது. ‘நெகட்டிவ்’ என்று தாளில் வரும்.

இது கற்பனையான அச்சம் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தில், மருத்துவமனைகளின் திசுக்கள் ஒரு மைய ஆய்வகத்துக்கு வந்தன. பொதுவாக ஏற்பி இருக்கும் லோபுலர் வகைக் கட்டி ஒன்றில் ‘இல்லை’ என்று வந்ததால் ஐயம் எழுந்து, 2005இல் மறுசோதனை செய்தபோது ‘உண்டு’ என்று வந்தது. ‘இல்லை’ என்று முடிவு வந்திருந்த பழைய திசுக்களை மறுபடி சோதித்தார்கள். 1997 முதல் 2005 வரை முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குத் தவறான முடிவு சொல்லப்பட்டிருந்தது. அவர்களுக்கு டாமாக்சிஃபென் எட்டவில்லை. அவர்களில் பலர் உண்மை வெளிவரும் முன்பே இறந்துவிட்டார்கள். நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009இல் அறிக்கை தந்தது. அதை நோயியல் மாணவர்கள் அனைவரும் படிக்க வேண்டும்.

இந்தியப் பெண்களின் கட்டிகளில் ஏற்பி குறைவு என்று பல ஆண்டுகள் எழுதிவந்தோம். இளவயது ஒரு காரணம். திசுவைக் கையாண்ட விதமும் ஒரு காரணம் என்பதை இந்திய நோயியலாளர்களே எடுத்துக்காட்டினார்கள். முறைகள் சீரடைந்த இடங்களில் ஏற்பி உள்ள கட்டிகளின் விகிதமும் உயர்ந்தது. முன்பே குறிப்பிட்ட இரண்டாவது காரணம் இதுதான்.

மாணவர்களுக்கு ஒன்று. கட்டியின் அருகிலேயே இயல்பான பால்நாளம் ஒன்று சீவலில் இருக்கும். அதில் சில செல்களாவது பழுப்பாக வேண்டும். அதுவும் வெளுத்துக் கிடந்தால், கட்டியைப் பற்றி ‘நெகட்டிவ்’ என்று எழுத உங்களுக்கு உரிமை இல்லை. சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

6

இவற்றிலிருந்து நடைமுறைக்கு வருவன சில. கட்டியை அப்படியே வெட்டி எடுத்துவிட்டுப் பிறகு என்னவென்று பார்க்கலாம் என்பது இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. முதலில் தடித்த ஊசியால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. வகை தெரிந்த பிறகே முதலில் அறுவையா, மருந்தா என்று முடிவு செய்ய முடியும். ஹெர்-2 வகையிலும் டிரிப்பிள் நெகட்டிவிலும், ஓரளவு பெரிய கட்டிக்கு மருந்து முதலில் வருவதே பெரும்பாலும் நல்லது. அவசரப்பட்டு வெட்டியவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். சென்னை அடையாற்றில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்தில், டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் முற்றிய மார்பகக் கட்டிகளுக்கு அறுவைக்கு முன் மருந்தும் கதிர்வீச்சும் தரும் முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கடைப்பிடித்தார்கள்.

ஆண்களுக்கும் இந்நோய் வரும், நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். பெரும்பாலும் ஏற்பி உள்ள வகை. அவர்களுக்கும் இதே மூன்று சோதனைகளும் வேண்டும்.

நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ திரும்பி வந்தால், முடிந்தவரை அங்கிருந்து மறுபடியும் திசு எடுக்க வேண்டும். முதல் கட்டியில் இருந்த ஏற்பி பரவிய இடத்தில் மறைந்திருக்கலாம், இல்லாதது தோன்றியிருக்கலாம். எலும்புத் திசுவை மென்மையாக்கக் கடும் அமிலம் பயன்படுத்தினால் அந்தச் சோதனை கெடும் என்பதைத் திசு அனுப்புகிறவரும் பெறுகிறவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

நாங்கள் போட்ட கோடுகளும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஹெர்-2 ‘1+’ என்றால் நேற்றுவரை இல்லை என்றே பொருள். 2022இல் வெளியான ஆய்வில், 1+ மட்டுமே உள்ள, அல்லது 2+ இருந்தும் ஃபிஷில் பெருக்கம் காணாத, பரவிய நோயுள்ள 557 பேர் சேர்ந்தார்கள். கீமோவைச் சுமந்து செல்லும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் பெற்றவர்கள் இடைநிலைக் கணக்கில் 23 மாதங்கள் வாழ்ந்தார்கள். வழக்கமான கீமோ பெற்றவர்கள் ஏறத்தாழ 17 மாதங்கள். எனவே பத்தாண்டுக்கு முன் 0 என்று எழுதிய திசுக்களை, 1+ ஆக இருக்குமோ என்று, இப்போது மீண்டும் நுண்ணோக்கியில் வைக்கிறோம். உங்கள் திசு பதிந்திருக்கும் மெழுகுக் கட்டை (பிளாக்) மருத்துவமனையில் இருக்கும். உங்கள் அறிக்கையின் மூலப்படியைப் பத்திரமாக வைத்திருங்கள், பிளாக் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்போது அந்தக் கட்டையைக் கேட்டு வாங்குங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.